ஆல்பர்ட் ஃப்ரேயின் தகர வீடுகளுக்கு ஏன் இவ்வளவு மதிப்பு?

கேள்வி இதுதான். கலிஃபோர்னியாவில் பாம் ஸ்பிரிங்ஸ் என்ற பாலைவன ஊரில் ஆல்பர்ட் ஃப்ரே கட்டியவை, படத்தில் பார்த்தால் ஷீட் போட்ட ஷெட் மாதிரிதான் இருக்கின்றன. ஆளும் ஸ்விட்சர்லாந்துக்காரர். தகரத்தையும் கண்ணாடியையும் வைத்துக் கட்டிய அவரை அந்த மண்ணின் கட்டடக் கலைஞர் என்று கொண்டாடுவதில் என்ன நியாயம் இருக்கிறது?

நியாயமான சந்தேகம்தான். மண்வாசனை என்றதும் நமக்கு மண் சுவர், ஓடு, திண்ணை என்றுதான் மனம் போகிறது. ஃப்ரே விஷயத்தில் அந்தக் கணக்கு உதவாது. பழைய வடிவம் எதையும் அவர் எடுத்துக்கொள்ளவில்லை. அதற்குப் பதிலாக அந்த ஊரின் வெயிலை அளந்தார், பாறையை அளந்தார், நடுவில் இரண்டு வருடம் தவிர சாகும்வரை அங்கேயே இருந்தார். அவருடைய மதிப்பு அங்கிருந்துதான் வருகிறது என்பது என் எண்ணம். ஆனால் ஆரம்பத்திலிருந்து சொன்னால்தான் இது புரியும்.

1903இல் சூரிச்சில் பிறந்தவர். வின்டர்தூர் தொழில்நுட்பப் பள்ளியில் படித்தார். ஸ்விஸ் தொழிற்பள்ளிப் படிப்பு என்றால் கட்டடம் எப்படி நிற்கிறது, எந்தப் பொருள் எதோடு சேரும் என்பதைக் கையால் தெரிந்துகொள்ளும் படிப்பு. அப்புறம் பிரஸ்ஸல்ஸில் கொஞ்ச காலம் வேலை. 1928இல் பாரிஸில் லெ கொர்பூசியே என்ற கட்டடக் கலைஞரிடம் சேர்ந்தார். நம்மூர்க்காரர்களுக்கு அந்தப் பெயர் சண்டிகர் வழியாகத் தெரியும். அந்த அலுவலகத்தில் வில்லா சவாய் வீட்டுக்கான வரைபடங்களில் ஃப்ரேயின் கை இருக்கிறது. சண்டிகரில் பிற்பாடு பல வருடம் தங்கி வேலை செய்த பியேர் ஜான்னரேயும் அப்போது அங்கேதான் இருந்தார்.

ஃப்ரேயை அமெரிக்காவுக்கு இழுத்தது ஒரு கேட்டலாக். அமெரிக்கக் கட்டுமானப் பொருள்கள் எல்லாவற்றையும் தொகுத்த 'ஸ்வீட்ஸ்' என்ற தடித்த புத்தகம் அந்த அலுவலகத்தில் கிடந்தது. கதவு, ஜன்னல், ஷீட், குழாய் எல்லாம் தொழிற்சாலையிலேயே தயாராகி, அளவு போட்டு, விலைக்குக் கிடைக்கிற நாடு அது. பாரிஸில் இதே ஆட்கள் 'வீடு என்பது ஓர் இயந்திரம்' என்று பேசிக்கொண்டு, கடைசியில் கொத்தனாரை வைத்து செங்கல் அடுக்கிப் பூசிக்கொண்டிருந்தார்கள். பூச்சு மட்டும் இயந்திரம் மாதிரி இருக்கும். ஃப்ரேக்கு அசல் இயந்திரம் வேண்டியிருந்தது. 1930இல் நியூயார்க்குக்குக் கப்பல் ஏறினார். லெ கொர்பூசியேயிடம் நேரடியாக வேலை செய்துவிட்டு அமெரிக்காவில் தொழில் தொடங்கிய முதல் ஆள் அவர்தான்.

அங்கே ஏ. லாரன்ஸ் கோச்சர் என்ற பத்திரிகை ஆசிரியரும் கட்டடக் கலைஞருமான ஒருவரோடு சேர்ந்தார். இருவரும் 1931இல் நியூயார்க் கண்காட்சி ஒன்றுக்காக ஒரு மூன்று மாடி வீட்டை முழு அளவில் கட்டிக் காட்டினார்கள். அலுமினியமும் எஃகும்தான் எலும்புக்கூடு, வெளிப்புறம் முழுக்க நெளி அலுமினியத் தகடு. பொருள்களைக் கம்பெனிகளே கொடுத்தன. பத்து நாளில் நிறுத்திவிட்டார்கள். 'அலுமினேர்' என்று பெயர். பார்க்கக் கூட்டம் அலைமோதியது. கண்காட்சி முடிந்ததும் வாலஸ் ஹாரிசன் என்ற கட்டடக் கலைஞர் 1000 டாலருக்கு அதை வாங்கி, கழற்றி, லாங் ஐலண்டில் தன் நிலத்துக்குக் கொண்டுபோய்விட்டார். அந்த வீட்டின் பிற்காலக் கதை தனி. கடைசியில் அதற்கு வருகிறேன்.

பாலைவனம் அவர் வாழ்க்கைக்குள் வந்தது ஒரு குடும்ப வேலையாக. கோச்சரின் சகோதரர் பாம் ஸ்பிரிங்ஸில் டாக்டர். அவருக்குக் கீழே அலுவலகம், மேலே வீடு என்று ஒரு சின்னக் கட்டடம் வேண்டும். அதைப் பார்த்துக்கொள்ள 1934இல் ஃப்ரே வந்தார். பெட்டிமேல் பெட்டி வைத்த மாதிரி, வெள்ளையாக, மேல்தளம் முன்னே நீட்டிக்கொண்டு நிற்கும் அந்தக் கட்டடம் இன்றும் இருக்கிறது. அப்போது அந்த ஊரில் நாகரிகம் என்றால் ஸ்பானிய பாணிதான். சிவப்பு ஓடு, வளைவு, வெள்ளைப் பூச்சு. அதுதான் 'அந்த மண்ணுக்கு ஏற்றது' என்று சொல்லிக்கொண்டார்கள். யோசித்துப் பார்த்தால் அதுவும் எங்கிருந்தோ வந்த சரக்குதான். அந்த நிலத்தில் ஆயிரக்கணக்கான வருடமாக இருந்த கவீயா மக்கள் விசிறிப்பனை ஓலையால் குடிசை வேய்ந்தார்கள், வெந்நீர் ஊற்றைச் சுற்றி வாழ்ந்தார்கள். ஓட்டு வீடு அவர்களுக்கும் அந்நியம்தான்.

ஊர் எப்படிப்பட்டது என்றும் சொல்லிவிடுகிறேன். லாஸ் ஏஞ்சலஸிலிருந்து 170 கிலோமீட்டர் வாக்கில் கிழக்கே. மேற்கில் சான் ஹசின்டோ மலை சுவர் மாதிரி 10,800 அடிக்கு மேல் எழும்பி நிற்கிறது. கடலிலிருந்து வரும் மேகம் அந்தப் பக்கமே கொட்டித் தீர்த்துவிடும். ஜூலையில் சராசரியாகவே பகல் வெயில் 42 டிகிரி செல்சியஸ். 2024 ஜூலையில் 51 டிகிரியைத் தொட்டது. குளிர்காலம் மட்டும் சொர்க்கம். ஹாலிவுட் ஆட்கள் குளிர்காலத்தில் வந்து தங்குவார்கள், கோடை தொடங்கியதும் ஊரே காலியாகும்.

ஜான் போர்ட்டர் கிளார்க் என்ற உள்ளூர்க் கூட்டாளியோடு இரண்டு மூன்று வருடம் வேலை செய்தபின், நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகக் கட்டட வேலைக்காக 1937இல் ஃப்ரே திரும்பிப் போனார். பெரிய நகரம், பெரிய வேலை, பெயர் கிடைக்கும் இடம். 1939இல் எல்லாவற்றையும் விட்டுவிட்டு பாம் ஸ்பிரிங்ஸுக்கே வந்துவிட்டார். அதன்பின் ஏறக்குறைய அறுபது வருடம்.

சரி, தகரத்துக்கு வருவோம். தகரக் கொட்டகையில் ஒரு மே மாதம் இருந்து பார்த்தவர்களுக்கு இந்த ஆளுக்குப் புத்தி கெட்டுவிட்டதா என்றுதான் தோன்றும். ஆனால் நம் கொட்டகை சுடுவதற்குக் காரணம், தலைக்கு மேலே அந்த ஒற்றை ஷீட்டைத் தவிர வேறு எதுவும் இல்லாததுதான். ஷீட்டுக்குக் கீழே வெப்பத்தடுப்பும் அதற்குக் கீழே ஒரு உள்கூரையும் போட்டுவிட்டால் கதை வேறு. மேலே பளபளக்கும் உலோகம் வெயிலில் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிடும். இரண்டாவது, கனமான காங்கிரீட் பகலெல்லாம் குடித்த சூட்டை ராத்திரி முழுக்க உமிழும். நம் மொட்டை மாடிக்குக் கீழே படுத்தவர்களுக்கு இது தெரியும். மெல்லிய தகடு சூரியன் போன சிறிது நேரத்திலேயே ஆறிவிடும். பாலைவனத்தில் ராத்திரி குளிருமே, அது அப்போது பயன்படும். மூன்றாவது, காற்றில் ஈரம் இல்லாததால் உலோகத்துக்கு அங்கே ஆயுள் அதிகம். மரம்தான் காய்ந்து வெடிக்கும், பெயின்ட் உரிந்துகொண்டே இருக்கும். சென்னைக் கடற்கரையில் துருப்பிடித்து உதிர்கிற ஷீட்டை வைத்து அந்த ஊரை எடைபோடக் கூடாது.

1940இல் தனக்கென்று முதல் வீடு கட்டினார். பதினாறுக்கு இருபது அடி. மொத்தம் 320 சதுர அடி. நம் ஊர் அபார்ட்மென்ட் ஹால் அளவுதான். ஆனால் சுவர்கள் கூரையோடு நிற்கவில்லை. வீட்டைத் தாண்டி மணலுக்குள் நீண்டுகொண்டு போயின. அவற்றுக்கு இடையில் விழும் நிழலும் வீடுதான், கூரை மட்டும் இல்லை. 1953இல் அதன் தலையில் வட்டமாக ஒரு படுக்கையறையை ஏற்றினார். சுற்றிலும் கப்பல் ஜன்னல் மாதிரி வட்ட ஜன்னல்கள், ஒவ்வொன்றுக்கும் வெளியே நீட்டிய உலோகக் குழல். விண்கலம் மாதிரி இருக்கிறது என்று படம் பார்ப்பவர்கள் சொல்வார்கள். எனக்கு அது சன்ஷேடுதான்! சதுர ஜன்னலுக்கு நாம் மேலே ஒரு பலகை நீட்டுகிறோம். வட்ட ஜன்னலுக்கு அவர் சுற்றிலும் நீட்டினார். அந்த வீடு இன்று அந்த வடிவில் இல்லை.

அந்தக் காலத்தில் பாம் ஸ்பிரிங்ஸில் உலகப் புகழ் பெற்ற வீடு என்றால் ரிச்சர்ட் நாய்ட்ரா 1946இல் கட்டிய காஃப்மன் வீடு. அருமையான வீடு, மறுப்பதற்கில்லை. ஆனால் நாய்ட்ரா லாஸ் ஏஞ்சலஸிலிருந்து வந்து கட்டிக் கொடுத்துவிட்டுப் போனவர். ஃப்ரே அந்த ஊரின் பள்ளிக்கூடத்தையும், தீயணைப்பு நிலையத்தையும், தேவாலயத்தையும், கடைவீதியையும் கட்டினார். தன் கட்டடத்தில் எங்கே ஒழுகுகிறது, எந்த ஜன்னல் வழியாக நாலு மணி வெயில் கண்ணைக் குத்துகிறது என்று கடைத்தெருவிலேயே நாலு பேர் சொல்வார்கள். அப்படிப்பட்ட தொழிலில் கற்றுக்கொள்வது வேறு. பணக்கார வீடுகளும் செய்தார்தான். வடிவமைப்பாளர் ரேமண்ட் லோவிக்காக அவர் கட்டிய வீட்டில் நீச்சல் குளம் வரவேற்பறைக்குள்ளேயே நுழையும். விருந்துக்கு வந்தவர் உடையோடு குளத்தில் விழுந்த கதை ஒன்றை இன்றும் சொல்லிச் சிரிக்கிறார்கள். எனக்கு அந்த வீட்டைவிட நகர மன்றக் கட்டடம்தான் பெரிது.

1952இல் கிளார்க், ஃப்ரே, ராப்சன் சேம்பர்ஸ் மூவரும் சேர்ந்து வடிவமைத்தது. முன்வாசலில் சதுரமான ஒரு போர்ட்டிகோ. நடுவில் பெரிய வட்டத் துளை, அதன் வழியாகப் பனைமரங்கள் வானத்துக்குப் போகின்றன. சற்றுத் தள்ளி மன்றக் கூடத்தின் வாசலில் வட்டமான ஒரு கூரை. இங்கே வெட்டியெடுத்த தட்டைக் கொண்டுபோய் அங்கே வைத்த மாதிரி. இது ஒரு சின்னக் குறும்பு. எனக்கு அதைவிடப் பிடித்தது வெயில் தடுப்பு. உலோகக் குழாயைச் சாய்வாகத் துண்டு துண்டாக வெட்டி, தேன்கூடு மாதிரி அடுக்கி, ஜன்னலுக்கு முன்னால் நிறுத்திவிட்டார். உச்சி வெயில் குழாயின் மேல்விளிம்பில் பட்டு நின்றுவிடும். உள்ளே உட்கார்ந்திருப்பவருக்கு வெளிச்சமும் வரும், மலையும் தெரியும். பட்ஜெட் கம்மியான அரசாங்கக் கட்டடத்தில், பிளம்பர் கடைச் சாமானை வைத்துச் செய்தது. நம் ஊரில் சிமென்ட் ஜாலி செய்கிற வேலையை அவர் கேட்டலாக்கிலிருந்து எடுத்தார்.

ஆனால் அந்தக் கட்டடத்தைப் பற்றிப் பேசும்போது இன்னொன்றையும் சொல்லாமல் போக முடியாது. மன்றக் கூடத்தின் வாசலில் 'மக்கள்தான் நகரம்' என்று பொறித்திருக்கிறார்கள். அங்கிருந்து சில நிமிடத் தொலைவில், பழங்குடி நிலமான 'செக்‌ஷன் 14' பகுதியில் குடியிருந்த கறுப்பின, மெக்சிகோ வம்சாவளி உழைப்பாளிகளை 1950களிலும் 60களிலும் காலி செய்தார்கள். வீடுகளை இடித்தார்கள், எரித்தார்கள். பாம் ஸ்பிரிங்ஸின் ஹோட்டல்களில் அறை கூட்டியவர்களும் இந்தக் கட்டடங்களுக்கு ஆணி அடித்தவர்களும் அவர்களுக்குள் இருந்தார்கள். அதற்கு இழப்பீடு தர நகராட்சி ஒப்புக்கொண்டது 2024இல்தான். அந்த முடிவுகளை எடுத்தவர் ஃப்ரே அல்ல. ஆனாலும் அழகான படங்களில் தெரியும் அந்த வாசகத்தைப் படிக்கும்போது இது நினைவுக்கு வராமல் இருப்பதில்லை.

அவர் கட்டியதெல்லாம் பலித்தது என்றும் சொல்ல முடியாது. தெற்கே சால்டன் கடல் என்று ஓர் உப்பு ஏரி. 1905இல் கொலராடோ ஆற்று வாய்க்கால் உடைந்து பள்ளத்தில் நீர் நிரம்பியதால் உண்டானது. அதன் கரையில் 1959இல் கப்பல் வடிவத்தில் ஒரு படகு மன்றம் கட்டினார், வட்ட ஜன்னல், மேல்தளம் எல்லாம் வைத்து. பிற்பாடு ஏரி பெருகியது, உப்பு ஏறியது, மீன் செத்து ஒதுங்கியது, கூட்டம் போனது. இப்போது தண்ணீர் பின்வாங்கிவிட்டது. கட்டடத்தைப் பழுதுபார்த்து 2010இல் சமூகக் கூடமாக ஆக்கிவிட்டார்கள். கப்பல் மட்டும் கரையில் நிற்கிறது.

1963இல் மலைமேல் போகும் ரோப் கார் வந்தது. கீழ் நிலையம் ஃப்ரேயும் சேம்பர்ஸும் செய்தது. ஓடையை மறிக்காமல், பாலம் மாதிரி அதன் மேலேயே கட்டடத்தைப் போட்டுவிட்டார்கள். வெள்ளம் வந்தால் அடியில் போய்விடும். அந்த ரோப் காருக்குப் போகும் சாலை பிரியும் இடத்தில் 1965இல் ஒரு பெட்ரோல் பங்க். முக்கோணக் கூரை ஒன்று, காற்றில் ஏறப்போகும் பட்டம் மாதிரி நெடுஞ்சாலையை நோக்கி நீண்டிருக்கும். வெறும் பெட்ரோல் பங்குக்கு இவ்வளவு பெரிய கூரையா என்றால், வடக்கிலிருந்து ஊருக்குள் வருபவர் கண்ணில் முதலில் படுவது அதுதான். கோபுர வாசல் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இனி அவர் தனக்காகக் கட்டிய இரண்டாவது வீடு. அவரைப் புரிந்துகொள்ள ஒரே ஒரு கட்டடம் போதும் என்றால் இதுதான். ஊருக்கு மேலே, சமவெளியிலிருந்து 220 அடி உயரத்தில், மலைச்சரிவில் இடம் பார்த்தார். இடம் தேடவே ஐந்து வருடம். வாங்கியபின் உடனே அஸ்திவாரம் தோண்டவில்லை. அங்கே ஒரு கம்பை நட்டு, சூரியன் எப்போது எங்கே நிற்கிறது, நிழல் எவ்வளவு தூரம் போகிறது என்று ஒரு வருடம் முழுக்க அளந்தார். சரிவில் பாறை எங்கெங்கே இருக்கிறது என்று வரைந்துகொண்டார். அப்புறம்தான் வரைபடம். 1964இல் வீடு முடிந்தது, 800 சதுர அடி. எழுபதை நெருங்கியபின் விருந்தினருக்காக இன்னும் ஒரு சின்ன அறை சேர்த்தார்.

கீழே ஹாலோ பிளாக்கில் ஒரு மேடை, அதில் கார் நிறுத்த இடம், அதன் தலையிலேயே நீச்சல் குளம். மேலே மெல்லிய எஃகுச் சட்டம், நெளி அலுமினியக் கூரை, சுற்றிலும் கண்ணாடி. கூரையின் சாய்வு மலைச்சரிவின் சாய்வோடு போகிறது. இடத்தில் ஆளுயரப் பெரும்பாறை ஒன்று இருந்தது. வேறு யாராக இருந்தாலும் வெடி வைத்திருப்பார்கள், இல்லை வீட்டைத் தள்ளிப் போட்டிருப்பார்கள். ஃப்ரே பாறையை வீட்டுக்குள் விட்டுவிட்டார். பாதி உள்ளே, பாதி வெளியே. படுக்கைக்கும் உட்காரும் இடத்துக்கும் நடுவில் அதுதான் தடுப்பு. கண்ணாடி பாறையைத் தொடும் இடத்தில், பாறையின் மேடு பள்ளத்துக்கு ஏற்றபடி கண்ணாடியையே வெட்டிப் பொருத்தியிருக்கிறார்கள். கண்ணாடி வேலை தெரிந்தவர்களைக் கேளுங்கள். நேர்கோட்டில் வெட்டுவதிலேயே எத்தனை உடையும் என்று சொல்வார்கள். அதற்கும் மேலே, விளக்கு சுவிட்சை அந்தப் பாறையிலேயே பதித்துவிட்டார். ராத்திரி எழுந்து கை நீட்டினால் மலை தட்டுப்படும், விளக்கு எரியும்.

திரைச்சீலை மஞ்சள். வசந்த காலத்தில் அந்தச் சரிவெல்லாம் பூக்கும் என்சீலியா என்ற செடியின் மஞ்சள் அது. கூரையின் உட்புறம் வானத்தின் நீலம். மேடைக்கல்லும் பாறையின் நிறத்துக்கு இணங்கிப் போகிறது. கீழே ஊரிலிருந்து பார்த்தால் வீட்டைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். இதைத்தான் நான் வட்டாரத் தன்மை என்கிறேன். பொருள் தொழிற்சாலையிலிருந்து வருகிறது. அளவும் நிறமும் அந்த இடத்திலிருந்து வருகின்றன.

குறை இல்லாமல் இல்லை. ஒற்றைக் கண்ணாடிச் சுவர் 45 டிகிரி வெயிலில் ஏசி இல்லாமல் தாங்காது. எவ்வளவு நிழல் கொடுத்தாலும் சுற்றியிருக்கும் காற்றே சூடாக இருக்கும்போது கண்ணாடி என்ன செய்யும்? பாம் ஸ்பிரிங்ஸ் கோடையிலும் மக்கள் இருக்கும் ஊராக ஆனது ஏசி பரவிய பிறகுதான். ஃப்ரேயின் கட்டடங்களும் இதற்கு விலக்கு அல்ல. அவரைப் 'பசுமைக் கட்டடக்கலையின் முன்னோடி' என்று எழுதுகிறவர்கள் கொஞ்சம் மிகைப்படுத்துகிறார்கள். ஒரு விஷயத்தில் மட்டும் நான் அவர் பக்கம்: 320 சதுர அடி, 800 சதுர அடி. பெரிய பெயர் எடுத்த பிறகும் சின்ன வீட்டிலேயே இருந்தார். குளிரூட்ட வேண்டிய இடமே கொஞ்சம்தான்.

1970களுக்குப் பிறகு இதெல்லாம் பழைய மோஸ்தர் ஆகிவிட்டது. பெட்ரோல் பங்க் 1990களில் மூடிக் கிடந்தது. இடித்துவிடலாம் என்ற பேச்சும் வந்தது, காப்பாற்ற வேண்டும் என்று ஊர்க்காரர்கள் சண்டையும் போட்டார்கள். கடைசியில் அது பிழைத்து, 2003 முதல் ஊரின் சுற்றுலாத் தகவல் மையமாக இருக்கிறது. 1998 நவம்பரில், 95 வயதில் ஃப்ரே காலமானார். மலை வீட்டை உள்ளூர்க் கலை அருங்காட்சியகத்துக்கு எழுதி வைத்துவிட்டார். அதற்குப் பிறகுதான் மோகம் உச்சத்துக்குப் போனது. 2006இல் தொடங்கிய நவீனக் கட்டடக்கலை வாரத்துக்கு ஒவ்வொரு பிப்ரவரியிலும் கூட்டம் குவிகிறது. கட்டடத்தால் பிழைக்கிற ஊர் என்றே ஆகிவிட்டது. டொனால்ட் வெக்ஸ்லரின் எஃகு வீடுகள், ஸ்டூவர்ட் வில்லியம்ஸ், வில்லியம் கோடி ஆகியோரின் வேலைகள் எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. ஆனால் வரிசையில் முதலில் வந்தவர் ஃப்ரே.

அலுமினேர் கதையைப் பாக்கி வைத்திருந்தேன். லாங் ஐலண்டில் அது கவனிப்பாரற்றுப் போய், 1980களில் இடிக்கப்படும் நிலைக்கு வந்தது. ஒரு கட்டடக்கலைக் கல்லூரி கழற்றி எடுத்துக்கொண்டுபோய்த் தன் வளாகத்தில் நிறுத்தியது. அந்த வளாகமும் மூடப்பட்டபின் மறுபடி கழற்றினார்கள். நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதியில் நிறுத்தலாம் என்றால் அக்கம்பக்கத்தார் வேண்டாம் என்றார்கள். 2017இல் பாகம் பாகமாக லாரியில் ஏறி பாம் ஸ்பிரிங்ஸ் வந்தது. 2024 மார்ச்சில் கலை அருங்காட்சியகத்தின் வளாகத்தில் திறந்தார்கள். கழற்றி மாட்டக்கூடிய வீடு என்று 27 வயதில் அவர் சொன்னதை, அந்த வீடே திரும்பத் திரும்பச் செய்து காட்டிவிட்டது.

நேரில் பார்க்கும் எண்ணம் இருந்தால் ஒரு யோசனை. பெட்ரோல் பங்கில் தொடங்குங்கள், நகர மன்றத்தைக் காலையிலேயே பாருங்கள். சாய்ந்த வெயிலில்தான் அந்தக் குழாய்த் துண்டுகளின் நிழல் தெளிவாக விழும். அப்புறம் அருங்காட்சியகம். அலுமினேருக்குப் பக்கத்தில் நின்று மேற்கே மலையை அண்ணாந்து பாருங்கள். அந்தச் சரிவில்தான் அவருடைய கடைசி வீடு இருக்கிறது. அங்கே நினைத்த நேரத்தில் ஏறிப்போக முடியாது, அருங்காட்சியகம் ஏற்பாடு செய்யும் நாளில்தான் போக வேண்டும். ஜூலை, ஆகஸ்டில் மட்டும் போய்விடாதீர்கள்.